டைல்ஸ் தரையில் நாற்காலி ஏன் நழுவுகிறது?

எங்கள் அப்பத்தா எழுந்துகொண்டிருந்தபோது நாற்காலி பின்னால் போய்விட்டது. இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, உடம்பை முன்னால் கொண்டுவந்து, பாதி எழுந்திருந்தார். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போக, பிடிமானம் இல்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. பத்து நாள் இடுப்பு வலியோடு போயிற்று. வீட்டில் எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "பார்த்து எந்திரிக்க வேணாமா?" அவர் பார்த்துத்தான் எழுந்தார். நாற்காலியின் காலடியைத்தான் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகெங்கும் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். உயிர்போகும் விழுதல்களில் பெரும்பங்கு அறுபது வயது தாண்டியவர்களுடையது. குளியலறை வழுக்கலைப் பற்றி நம் வீடுகளில் இப்போது ஓரளவு பேசுகிறார்கள். சொரசொரப்பான டைல்ஸ் போடுகிறார்கள், சுவரில் கைப்பிடி வைக்கிறார்கள். கூடத்தில் கிடக்கும் நாற்காலி, சோபா, கட்டில், ஸ்டூல் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் முட்டி வலி உள்ள ஒருவர் அறைக்கு அறை நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். சுவரைப் பிடிப்பார், அப்புறம் சோபாவின் முதுகை, அப்புறம் சாப்பாட்டு மேஜையின் விளிம்பை. வீட்டுச் சாமான்கள் எல்லாமே அவருக்குக் கைப்பிடிதான். அதில் ஒன்று நகர்ந்தால் போதும்.

கனமான பொருள் நகராது, லேசான பொருள் நகரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. பள்ளியில் படித்த உராய்வுப் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு பொருளைத் தரையில் நகர்த்தத் தேவையான விசை, அது தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்கும்; தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. லியோனார்டோ டா வின்சி 1493 வாக்கில் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்து, வெளியிடாமலே விட்ட விதி இது. 1699-ல் கியோம் அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் மறுபடி கண்டுபிடித்தார். 1785-ல் கூலும் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அதை விரிவாக்கினார். அந்த விகிதத்துக்குத்தான் உராய்வுக் குணகம் என்று பெயர். பளபளப்பான டைல்ஸ் மேல் கடினமான பிளாஸ்டிக் கால் நின்றால் அது சுமார் 0.2 அல்லது 0.3. சுத்தமான, காய்ந்த ரப்பர் நின்றால் 0.6, 0.7, சில சமயம் அதற்கும் மேல்.

இந்த எண்களை அப்பத்தாவின் நாற்காலிக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்காலியின் எடை இரண்டரைக் கிலோ, உட்கார்ந்தவர் ஐம்பது கிலோ. குணகம் 0.2 என்றால், அதைப் பக்கவாட்டில் நகர்த்தப் பத்தரைக் கிலோ விசை வேண்டும். அதனால் உட்கார்ந்திருக்கும்வரை ஆடாமல் அசையாமல் இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எழத் தொடங்கியதும் உடம்பின் எடை பாதங்களுக்குப் போய்விடுகிறது. இருக்கையில் எடை இல்லை. இப்போது நாற்காலி மறுபடி இரண்டரைக் கிலோதான். அதை நகர்த்த அரைக் கிலோ விசை போதும். கைப்பிடியை ஊன்றியிருக்கும் கைகள்தான் அதைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கின்றன. அதே கைகள்தான் அதைப் பின்னாலும் தள்ளுகின்றன. பிடிமானம் மிகவும் தேவைப்படும் கணத்தில்தான் நாற்காலி மிகவும் லேசாக இருக்கிறது.

கை எந்தச் சாய்வில் ஊன்றுகிறது என்பதும் இதில் சேரும். நேர் கீழாக அழுத்தினால் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் நாற்காலி நிற்கும். குணகம் 0.2 என்றால், செங்குத்துக் கோட்டிலிருந்து 11 பாகைவரை சாய்ந்து அழுத்தலாம். அதைத் தாண்டினால், நாற்காலியின் சொந்த எடை தரும் அந்த அரைக் கிலோவைத் தவிர வேறு தடுப்பு இல்லை. அழுத்த அழுத்த இன்னும் வேகமாகத்தான் போகும். 11 பாகை எவ்வளவு என்றால், கடிகாரத்தில் 12-ல் நிற்கும் பெரிய முள் இரண்டு நிமிடம் நகரும் தூரம்கூட இல்லை. முட்டி வலியோடு எழுகிறவரின் கை அந்தச் சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. காலடியில் நல்ல ரப்பர் இருந்து குணகம் 0.7 ஆனால், அந்தச் சாய்வு 35 பாகை. முள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் நகரும் அளவு. அதற்குள் எழுந்துவிடலாம்.

உங்கள் வீட்டு நாற்காலியின் குணகத்தை நீங்களே அளக்கலாம். பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் போதும். முதலில் நாற்காலியைத் தூக்கி எடை பாருங்கள். பிறகு கொக்கியைக் காலில் தாழ்வாக மாட்டி, தரைக்கு இணையாக மெல்ல இழுங்கள். நகர ஆரம்பிக்கும் நேரத்தில் தராசு காட்டும் எண்ணை எடையால் வகுங்கள். இரண்டரைக் கிலோ நாற்காலி அறுநூறு கிராமுக்கே நகர்ந்தால் 0.24. அந்த நாற்காலியை நம்பி வயதானவர் யாரும் எழக்கூடாது.

நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகமில்லை. சாணி மெழுகிய தரையிலும் வெறும் சிமென்ட் தரையிலும் எதுவும் எளிதில் வழுக்காது. ரெட் ஆக்சைடு தரையும் மொசைக்கும் வழவழப்பானவைதான். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போலவே ஆகிவிடும். ஆனால் அந்த வீடுகளில் சாமான்களே குறைவு. பாயில் படுத்தார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இருந்த ஒன்றிரண்டு மரச்சாமான்களும் நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். சமையலறையில் நகரக்கூடாத பொருளுக்கு மனித உடம்பே பாரம்: அரிவாள்மனைப் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டுதான் காய் நறுக்கினார்கள், துருவுபலகை மேல் ஏறி உட்கார்ந்துதான் தேங்காய் துருவினார்கள். வேலை நடக்கும் நேரம் முழுக்க அழுத்தம் விலகாமல் இருக்கும்படி செய்த வடிவம் அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

பிறகு விட்ரிஃபைடு டைல்ஸ் வந்தது. களிமண், ஃபெல்ஸ்பார், சிலிக்கா ஆகியவற்றை அழுத்தி, சுமார் 1,200 டிகிரி வெப்பத்தில் சுடும்போது துகள்கள் உருகி ஒன்றோடொன்று கண்ணாடி போல இறுகிவிடுகின்றன. அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. கறை பிடிக்காது, துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து, இன்று சிறிய ஊர்களில் கட்டும் வீட்டிலும் அதுதான். கூடவே சாமான்களும் மாறின. தேக்குக் கட்டிலின் இடத்தில் இரும்புக் குழாய்க் கட்டில், மரநாற்காலியின் இடத்தில் பிளாஸ்டிக், பெஞ்சின் இடத்தில் உள்ளே பஞ்சு அடைத்து அடியில் நாலு சின்ன பிளாஸ்டிக் குமிழ் வைத்த சோபா. தரை வழவழப்பானதும் சாமான் லேசானதும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நடந்தது.

இதற்காகத் தரையைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஸ்டிக்கை வழுக்கவிடும் அதே வழவழப்பு, ரப்பரை மற்ற எந்தத் தரையையும்விட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கடினப் பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும்போது, கண்ணுக்கு முழுப் பரப்பும் தொடுவது போலத் தெரிந்தாலும், உண்மையில் அங்கங்கே சில நுண்ணிய மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதைத் தெளிவாக்கினார்கள். ரப்பர் மிருதுவானது. நுனியில் நிற்காமல், அமுங்கிப் பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஒட்டிக்கொள்ளும். தரை எவ்வளவு மழமழப்போ அவ்வளவு நெருக்கமாக ஒட்டும். அதனால் "பரப்பு பொருட்டல்ல" என்ற பழைய விதியும் ரப்பரிடம் முழுக்கச் செல்லாது. அகலமான ரப்பர் கூடுதலாகவே பிடிக்கும். மிக்ஸிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கால்களைக் கழுவித் துடைத்துவிட்டு கிரானைட் மேல் வைத்துப் பாருங்கள். தூக்கும்போது மேடையை விட மனமில்லாதது போல ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: சுத்தம், ஈரமின்மை. முதல் நிபந்தனையைப் புரிந்துகொள்ள கேரம் போர்டை நினைத்தால் போதும். பவுடர் தூவியதும் காய் எப்படி ஓடுகிறது! பலகை மாறவில்லை, காயும் மாறவில்லை. நடுவில் துகள்கள் வந்துவிட்டன, அவ்வளவுதான். நாற்காலிக் காலின் நுனியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷுக்கும் டைல்ஸுக்கும் நடுவே சேரும் தெருப்புழுதி, முகப் பவுடர், கோலமாவு எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. புதிதாக புஷ் போட்டபோது நன்றாக நின்ற நாற்காலி மூன்று மாதத்தில் மறுபடி நழுவினால், பெரும்பாலும் ரப்பர் கெட்டிருக்காது. அழுக்கேறியிருக்கும். ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, காயவிட்டால் பழைய பிடி திரும்ப வந்துவிடும். தரையிலும் அப்படித்தான். பக்கெட்டில் தரை துடைக்கும் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினால், காய்ந்த பிறகு சோப்பு மெல்லிய படலமாகத் தங்கிவிடும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவே போதும்.

ஈரம் இன்னும் மோசம். சொரசொரப்பான தரையில் தண்ணீர் ஒதுங்கப் பள்ளங்கள் உண்டு. வழவழப்பான டைல்ஸில் அது போக இடமில்லாமல் ரப்பருக்கு அடியிலேயே நிற்கும். வண்டி டயரில் வெட்டு இருப்பதும் தண்ணீர் வெளியேறத்தான். எனவே சாமான்களுக்கும் அடிப்பாகம் மொழுமொழுவென்று இருக்கும் புஷ்ஷைவிட, வட்ட வட்டமாக வரி வைத்தது நல்லது. வாசல், சமையலறை, வாஷ் பேசின் பக்கம் இருப்பவற்றுக்கு அது கட்டாயம்.

கடையில் போய் "நாற்காலிக்கு புஷ் கொடுங்க" என்று கேட்டால் மூன்று விதமான பொருள்களில் ஏதாவது ஒன்றைத் தருவார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கம்பளித்துணி போன்ற ஒட்டும் வட்டம் ஒன்று உண்டு. அது தரையில் கீறல் விழாமல் இருக்க, நாற்காலி சத்தமில்லாமல் வழுக்க என்றே செய்தது. அதை ஒட்டினால் நழுவல் கூடும். ஆணி வைத்த நைலான் புஷ்ஷும் வழுக்கவே செய்தது. நமக்கு வேண்டியது ரப்பர். அதிலும் கறுப்பாக இருப்பதெல்லாம் ரப்பர் இல்லை. கடினமான பிளாஸ்டிக்கையும் அதே நிறத்தில் அதே வடிவத்தில் விற்கிறார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து, எடுத்ததும் மெல்ல மறைந்தால் வாங்கலாம். நகம் வழுக்கினால் வேண்டாம். கறுப்பு ரப்பர் தரையில் கோடு போடும் என்பதால், கிடைத்தால் சாம்பல் நிறத்தில் வாங்குவது நல்லது. மார்பிள், ஆத்தங்குடிக் கல், வினைல் விரிப்பு போட்ட தரைகளில் ரப்பரை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் இறங்கிக் கறை நிரந்தரமாகிவிடலாம். அங்கே அடிக்கடி தூக்கிப் பார்ப்பது அவசியம். விட்ரிஃபைடு டைல்ஸுக்கு அந்தக் கவலை குறைவு.

குழாய்க் காலுக்கு, உள்ளே செருகும் புஷ்ஷைவிட வெளியே தொப்பி போல மாட்டும் புஷ்தான் நிற்கும். குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா என்று தெரியாமல் வாங்கினால் ஒன்று மாட்டாது, இல்லையென்றால் கழன்று விழும். இன்னொன்று: குழாயின் விளிம்பு கத்தி மாதிரி; சில மாதங்களில் ரப்பரை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தொப்பிக்குள் ஒரு இரும்பு வாஷரைப் போட்டுவிட்டு மாட்டினால் வருடக்கணக்கில் வரும். எங்கள் வீட்டில் அதைச் செய்து காட்டியவர் கட்டிலுக்கு வெல்டிங் வைக்க வந்த ஒருவர். அதற்கு அவர் தனியாகக் காசுகூட வாங்கவில்லை.

பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைப்பது, சைக்கிள் டியூபைச் சுற்றுவது எல்லாம் நல்ல வழிகளே. டியூப் ரப்பர் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும். தேய்ந்து மினுமினுக்கும் செருப்பு அடியை வைத்தால்தான் பலனில்லை. ஒட்டும் வகைப் பட்டைகளை நான் அதிகம் நம்புவதில்லை. சித்திரை வெயிலில் பசை இளகி, பட்டை பக்கவாட்டில் நகர்ந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் சாய்ந்த கால்களில் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. அந்த நாற்காலிகளில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. கால்கள் வெளிப்பக்கமாக விரிந்து போகாமல் தடுப்பதில் தரையின் பிடிக்கும் பங்குண்டு. வழவழப்பான தரையில் கனமான ஒருவர் பின்னால் சாய்ந்தால் கால்கள் அகன்று, வளைந்து, ஒடியும். வெடிப்பு தெரியும் நாற்காலியை யாருக்கும் போடாதீர்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் ரப்பர் மாட்டிவிடலாமா? கூடாது. சாப்பாட்டு மேஜை நாற்காலியை உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளி எழுகிறோம். அது தரையைக் கவ்விக்கொண்டால் மூட்டுகள் ஆட்டம் காணும், சில சமயம் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். கவிழ்வதற்கும் கணக்கு உண்டு. வழுக்காத பொருளை உயரத்தில் தள்ளினால் அது சாயப் பார்க்கும். முப்பது சென்டிமீட்டர் அகலக் காலடியும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு ஸ்டூலின் மேல்விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளினால், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு விசைக்கே சாயத் தொடங்கிவிடும். ரப்பர் அதை நழுவாமல் தடுக்குமே தவிர கவிழாமல் தடுக்காது. எனவே பிடித்து எழ வேண்டியவருக்கு ஸ்டூல் எப்போதும் வேண்டாம். கைப்பிடியும் அகலமான காலடியும் உள்ள கனமான நாற்காலி ஒன்றை அவருக்கென்று ஒதுக்கி, நான்கு காலுக்கும் ரப்பர் மாட்டி, முதுகு சுவரில் படும்படி போட்டுவிடுங்கள். எழும்போது பாரம் முன்காலுக்கு வருகிறது என்பதால் பின்காலுக்கு மட்டும் மாட்டுவது போதாது. சுவரோடு போட்டுவிட்டால் பின்னால் போக வழியே இல்லை. அதைவிட நல்ல புஷ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கட்டிலுக்கும் சோபாவுக்கும் இதே யோசனைதான். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டியிருந்தால் கால்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கிண்ணங்கள் உதவும். ஆஸ்பத்திரிக் கட்டில் போலச் சக்கரம் வைத்ததென்றால் நான்கு சக்கரமும் பூட்டியிருக்க வேண்டும். இரண்டை மட்டும் பூட்டினால், பூட்டாத பக்கம் வளைந்து திரும்பும். பூட்டினாலும் சக்கரம் கடினப் பிளாஸ்டிக் என்றால் அது உருளாமலே வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாற்காலி நழுவுகிறது என்று அதற்கடியில் ஜமுக்காளம் விரிப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதைச் செய்யாதீர்கள். நாற்காலி ஜமுக்காளத்தின் மேல் நிற்கும். ஜமுக்காளம் டைல்ஸ் மேல் நிற்காது. பருத்தியும் கோரைப்பாயும் மெருகேறிய டைல்ஸில் தாராளமாக வழுக்கும். எத்தனை அடுக்கு இருந்தாலும், பிடி மிகக் குறைந்த அடுக்கில்தான் நகர்வு நடக்கும். விரிப்பு வேண்டுமென்றால் அதற்கும் தரைக்கும் நடுவே வலை மாதிரி இருக்கும் ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

வாஷிங் மெஷின் நகர்வது இன்னொரு கதை. துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து, மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அரைக் கிலோ கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 140 கிலோ. உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகளும் எதிர்பாரமும் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சம் கால்களுக்கு வரும். ரப்பர் அடித்தட்டு வைப்பதற்கு முன்னால் ரசமட்டம் வைத்து நான்கு காலும் சமமாக ஊன்றுகிறதா என்று பார்த்துத் திருகுங்கள். ஒரு கால் அந்தரத்தில் நின்றால் எந்த ரப்பரும் காப்பாற்றாது. ஒற்றைப் பெரிய போர்வையைத் தனியாகப் போடுவதையும் தவிர்க்கலாம்.

ஃபேன் துடைக்க சுவரில் சாய்க்கும் ஏணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் அடி வழுக்கினால் ஆள் நேராகத் தலைகுப்புற வருவார். நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் அடியைத் தள்ளிவைக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் டைல்ஸ் அதை விட்டுவிடும். மூங்கில் ஏணியோ இரும்பு ஏணியோ, கால் வெறுமனே இருந்தால் டைல்ஸ் மேல் வைக்கவே கூடாது. கோணிச்சாக்கை மடித்து அடியில் போடுகிறார்கள். ஜமுக்காளத்துக்குச் சொன்னதுதான் அதற்கும். இரண்டு பக்கமும் கால் விரித்துத் தானாக நிற்கும் ஏணியே வீட்டுக்குள் சரி.

கடைசியாக, வீட்டுச் சாமான் என்று நாம் எண்ணாத ஒன்று: கைத்தடியும் வாக்கரும். அவற்றின் நுனியில் இருக்கும் ரப்பரும் இதே புஷ்தான். ஆனால் நாள் முழுக்கத் தேய்வது அதுதான். அப்பத்தாவின் நாற்காலிக்குப் புஷ் மாட்டிய அன்று தற்செயலாக அவருடைய கைத்தடியைத் திருப்பிப் பார்த்தேன். வரிகள் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, ரப்பருக்குள்ளிருந்து அலுமினியக் குழாயின் விளிம்பு வெளியே தெரிந்தது. இரண்டு வருடமாக அதைத்தான் ஊன்றி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்திருக்கிறார். மாற்று ரப்பர் மருந்துக்கடையிலேயே கிடைத்தது. விட்டம் தெரியாததால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனேன். இப்போது மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்துத் துடைக்கும்போது கைத்தடியையும் திருப்பிப் பார்த்துவிடுகிறோம்.